மான்குட்டி வீட்டு நிறுத்தம்

கழுகுமலையில் கழுகு எங்கே என்று கேட்காத ஆளை நான் பார்த்ததில்லை. வேனை விட்டு இறங்கியதும் முதலில் வானத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் என்னைப் பார்ப்பார்கள், நான்தான் அதைப் பிடித்து ஒளித்து வைத்திருக்கிறேன் என்பதுபோல. மலையைக் குடைந்து ஒரே கல்லில் கோயில் செதுக்கி, பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்கு அந்தப் பக்கம் பாறை முழுக்க வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு, கழுகு இல்லையே என்று முகத்தைச் சுளிப்பார்கள். ஊருக்குப் பெயர் வைத்தவன் மேல் வரவேண்டிய கோபம் என் மேல் வரும். வாங்கிக்கொள்ளத்தான் சம்பளம் என்று நானும் சிரித்துக்கொண்டு நிற்பேன்.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள் அவை. கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு டிராவல்ஸில் நான் கைடு. கல்லூரியில் ஆங்கிலம் படித்துவிட்டு மூன்று வருஷம் சும்மா சுற்றிய பிறகு கிடைத்த வேலை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் லீவு நாட்களிலும் ‘இயற்கை, வரலாறு, கிராமம் – ஒரே நாளில்’ என்று போர்டு மாட்டிய வேன் ஒன்று கிளம்பும். காலையில் குருமலை அடிவாரத்தில் புள்ளிமான். பிறகு பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை. எட்டயபுரத்தில் மண்டபமும் சாப்பாடும். சாயங்காலம் கழுகுமலை. பாஞ்சாலங்குறிச்சியில் இப்போது நிற்கிற கோட்டைக்கு ஏறக்குறைய என் வயசு. பழைய கோட்டையை வெள்ளைக்காரன் தரைமட்டமாக்கிவிட்டான். அதன் அஸ்திவாரம் பின்பக்கம் கிடக்கிறது. வருகிறவர்கள் அஸ்திவாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புதுக் கோட்டைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நான் குறுக்கே எதுவும் சொல்வதில்லை.

நான் பேசவேண்டியதெல்லாம் டைப் அடித்த இரண்டு தாளில் இருந்தது. முதலாளி ஏதேதோ புத்தகங்களிலிருந்தும், காட்டிலாகா விநியோகித்த துண்டுப் பிரசுரங்களிலிருந்தும் எடுத்து ஆங்கிலத்தில் டைப் அடிக்க வைத்திருந்தார். நான் அதைத் தமிழில் மாற்றி மனப்பாடம் செய்துகொண்டேன். வேன் கடம்பூர் ரோட்டில் திரும்பியதும் எழுந்து நின்று, சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பேன். அதில் ஒரு பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். சொல்லும்போது குரல் தானாகத் தணியும்.

“புள்ளிமான், ஈன்ற குட்டியைப் புதருக்குள் படுக்க வைத்துவிட்டு மேயப் போய்விடும். குட்டி அசையாது, கத்தாது. நரி பக்கத்தில் போனாலும் கண்டுபிடிக்க முடியாது. பொழுது சாயும் நேரத்தில் தாய் திரும்பி வந்து பால் கொடுக்கும். ஆகவே தனியாகக் கிடக்கிற குட்டியை அநாதை என்று நினைத்து யாரும் எடுத்துவிடக் கூடாது.”

வேனில் இருக்கிற பெண்கள் அந்த இடத்தில் ‘ச்ச்’ என்பார்கள். அந்த ‘ச்ச்’சுக்காகவே நான் அதை விடாமல் சொல்லிவந்தேன்.

மான் மட்டும் வராது. எங்கள் கரிசல் காட்டில் மானுக்குக் கிடைக்கிற மரியாதையை அந்தத் தாளில் யாரும் எழுதவில்லை. இருட்டில் மலையிலிருந்து இறங்கும், விளைந்து நிற்கிற உளுந்தையும் பாசிப்பயறையும் ஒரு கை பார்க்கும். வெள்ளாமை வைத்த சம்சாரிகள் காட்டில் படுத்துக் கிடந்து தகரத்தைத் தட்டி விரட்டுவார்கள். விடிவதற்குள் அது மேலே ஏறிவிடும். எங்கள் வேன் இட்லி சாப்பிட்டு, டீ குடித்து, ஒரு மாமி மறந்துவிட்டு வந்த கண்ணாடியை எடுக்கத் திரும்பி, அடிவாரம் போய்ச் சேரும்போது வெயில் சுள்ளென்று அடிக்கும். புழுக்கையைக் காட்டி இது மான் போட்டது என்பேன். குளம்புத் தடத்தைக் காட்டுவேன். மதுரையிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் வந்தவர்கள் புழுக்கையைப் பார்ப்பதற்கா வந்தார்கள்?

“தம்பி, போர்டுல மானுன்னு போட்டிருக்கு. மானக் காட்டலன்னா நான் என்னத்தச் சொல்லுதது? அவிய என்கிட்டல்லா சண்டைக்கு வாராவ” என்றார் முதலாளி. அடுத்த சீசனுக்குள் ஏதாவது வழி பார், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்பதைச் சிரித்தபடியே சொன்னார். அவர் சிரித்தபடி சொல்வதெல்லாம் நடக்கும்.

என் அக்காவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். என்னைவிடப் பன்னிரண்டு வயசு மூத்தவள். அடிவாரத்தில் எங்கள் ஊர். ஆடு வளர்க்கிற குடும்பம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு என்னை வளர்த்தது அவள்தான். அத்தான் பம்பாய்ப் பக்கம் முறுக்குக் கம்பெனி வேலைக்கு என்று போனவர். முதல் வருஷம் கடிதம் வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. அவள் அதைப் பற்றி ஒப்பாரி வைத்து நான் பார்த்ததில்லை. விடிந்ததும் ஆட்டைப் பத்திக்கொண்டு போவாள், பொழுது அடைய வருவாள். நான் கல்லூரி முடிக்கிறவரை வருஷா வருஷம் எட்டயபுரம் சந்தைக்குக் கிடாய்கள் போயின. அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. ‘ஏலே’ என்று அவள் கூப்பிடுகிற ஒரு கூப்பாடு மூன்று காடு தாண்டிக் கேட்கும்.

அந்தக் கார்த்திகை மாதம் ஒருநாள் நான் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். மத்தியானம் அக்கா ஆட்டைப் பாதியில் விட்டுவிட்டு வேகமாக வந்தாள். முந்தானைக்குள் எதையோ பொத்திப் பிடித்திருந்தாள். விலக்கிப் பார்த்தால் மான்குட்டி. பிறந்து இரண்டு நாள் இருக்கலாம். காது மட்டும் பெரிசாக, மற்றதெல்லாம் எலும்பும் புள்ளியுமாக இருந்தது.

“ஏலே, கருவ மூட்டுல தனியாக் கெடந்துச்சு. காலையில பாத்தேன். இப்பமும் அங்கனயே கெடக்கு, அசையல, கத்தல. தாய் செத்துட்டு போல. இல்லன்னா ஒதுக்கிருக்கும். பாவம்லா.”

அவள் நினைத்ததில் தப்பே இல்லை. ஆட்டோடு பிறந்து ஆட்டோடு வளர்ந்தவர்கள் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். எங்கள் ஆடு காட்டில் ஈன்றால் குட்டியை நக்கிக்கொண்டு அங்கேயே நிற்கும். நாம் குட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் பின்னாலேயே கத்திக்கொண்டு வரும். ஒரு குட்டி அரை நாளாகத் தனியாகக் கிடந்து, கத்தாமலும் இருக்கிறது என்றால், அதற்குத் தாய் இல்லை, கத்தத் தெம்பும் இல்லை என்று அர்த்தம். அதை எடுத்து இன்னொரு மடியில் விடாதவள் ஆட்டுக்காரியே இல்லை.

எனக்கோ வேறு விஷயம் தெரியும். வாரா வாரம் வேனில் நின்றுகொண்டு குரலைத் தணித்துச் சொல்கிற விஷயம். வாய் வரைக்கும் வந்தது. இப்போதே கொண்டுபோய் எடுத்த இடத்தில் வைத்துவிடு, சாயங்காலம் அதன் தாய் வரும். இவ்வளவுதான் சொல்லவேண்டும். குட்டி என் விரலைப் பிடித்துச் சப்பிப் பார்த்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு முதலாளியின் சிரிப்பு ஞாபகம் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். இதற்கு மேல் இதில் விளக்கம் ஒன்றும் கிடையாது. எத்தனையோ வருஷமாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

அக்கா மளமளவென்று வேலையை ஆரம்பித்தாள். குட்டி செத்துப்போன வெள்ளாடு ஒன்று பால் கட்டிப்போய் நின்றது. அதன் பாலைக் கொஞ்சம் பீய்ச்சி மான்குட்டியின் முதுகில் தடவினாள். வால் பக்கம் உப்புத் தண்ணீர் தெளித்தாள். ஆட்டின் தலையை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, குட்டியை மடிக்குக் காட்டினாள். ஆடு இரண்டு தடவை உதைத்தது. மூன்றாம் தடவை உப்பை நக்க ஆரம்பித்தது. நக்க ஆரம்பித்தால் முடிந்தது, அது அதன் பிள்ளைதான். அக்கா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, அப்புறமும் பார்க்கவில்லை.

அன்றைக்குப் பொழுது மசங்கிய நேரத்தில், காட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. மான் கத்துகிற சத்தம். ஒரே இடத்தில் நின்று கத்தவில்லை. கருவை மரங்கள் இருக்கிற பக்கம் கொஞ்ச நேரம், ஓடைப் பக்கம் கொஞ்ச நேரம் என்று மாறி மாறிக் கேட்டது. அக்கா பால் செம்பைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“என்னலே இது, இப்பிடிக் கத்துது?”

“நரியக் கண்டிருக்கும்க்கா” என்றேன்.

அவள் சரி என்று உள்ளே போய்விட்டாள். படித்த தம்பி சொன்னால் அவளுக்குச் சரிதான்.

மார்கழி லீவுக்குள் குட்டி தேறிவிட்டது. ஆடுகளோடு ஆடாகக் காட்டுக்குப் போகும், வரும். கயிறு கிடையாது. அக்கா அதற்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் பிரியும்போது மனசு கேட்காது என்று எங்கள் வீட்டில் எந்த ஆட்டுக்கும் பெயர் வைப்பதில்லை. “ஏட்டி” என்பாள். அந்தக் கூப்பாட்டுக்கு அது எங்கிருந்தாலும் நாலு கால் பாய்ச்சலில் வந்து அவள் இடுப்பில் முட்டும். அதைப் பார்த்த அன்றே முதலாளியிடம் சொன்னேன். அவர் போர்டில் இன்னொரு வரி சேர்த்தார்: ‘கொஞ்சும் மான்’. எங்கள் வீடு பயணத்தின் இரண்டாவது நிறுத்தம் ஆகிவிட்டது.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. மெட்ராஸ்காரர்களுக்குக் கிராமம் வேண்டும். கைடின் சொந்த வீட்டுக்குக் கூட்டிப்போய் அக்காவைக் காட்டினால் அது கிராமம் ஆகாது, ஆள் பிடித்துக் காட்டுகிற ஏற்பாடு என்று நினைப்பார்கள். முதலாளி அப்படிச் சொன்னார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது வசதியாக இருந்தது. ஷூ போட்டுக்கொண்டு ஆங்கிலம் பேசுகிறவன், சாணி மெழுகுகிற கையைப் பிடித்து ‘இவள் என் அக்கா’ என்று சொல்லக் கூசினேன். ஆகவே முந்தின நாளே போய் அக்காவுக்குப் பாடம் நடத்தினேன். என்னை யாரோபோல நினைத்துக்கொள். நான் வந்ததும், “வாங்க சார், வெயில்ல நிக்காதீங்க, மோர் குடிக்கீங்களா” என்று சொல். பிளாஸ்டிக் குடத்தை உள்ளே எடுத்து வை. மண்பானை ஒன்று வெளியே வை.

“மண்பானைக்கு எங்கலே போவேன்? பக்கத்து வீட்டுல கேக்கணும்” என்று சிரித்தாள். பிறகு அவளே சொல்லிப் பார்த்தாள். “வாங்க சார்…” முடிக்க முடியவில்லை. “ஏலே, உன்னிய சாருன்னு கூப்பிட எனக்குச் சிரிப்பாணி அடக்க முடியலலே. ஒன்னோட சளியெல்லாம் தொடச்சு விட்டவ நான்.”

ஆனால் வேன் வந்து நின்றபோது பிசகில்லாமல் சொன்னாள். உதட்டோரத்தில் மட்டும் சிரிப்பு நின்றது, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி. வந்தவர்கள் கட்டுத்தறியைப் படம் எடுத்தார்கள். மண்பானையைப் படம் எடுத்தார்கள். நைலக்ஸ் சேலையில் கிராமம் தெரியவில்லை, நூல் சேலை கட்டச் சொல்லுங்களேன் என்று ஒரு பெண் என் காதோரம் சொன்னாள். அக்கா மலையைப் பார்த்து “ஏட்டி” என்று கூப்பிடுவாள். கருவைக்குள்ளிருந்து அது பாய்ந்து வரும்போது எல்லாரும் கை தட்டுவார்கள். யாராவது காசு நீட்டினால், மோருக்கா துட்டு என்று கையை மடக்கி அனுப்பிவிடுவாள். ஊர்க்காரர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, உளுந்தைத் தின்கிற சனியனுக்குக் கை தட்டுகிற ஜனங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

ஒரே ஒரு தடவை கேட்டாள். “இதனால ஒண்ணும் தொந்தரவு வராதுல்லா? காட்டிலாகாக்காரவ வருவாவன்னு சொல்லுதாவளே.”

“இத்தன பேரு பாத்துட்டுப் போறாவ. ஒண்ணும் ஆகாதுக்கா” என்றேன்.

அந்த நிறுத்தம் வந்த நாளிலிருந்து நான் ஒரு காரியம் ஜாக்கிரதையாகச் செய்தேன். வேனில் பேசும்போது, குட்டியைப் புதரில் வைத்துவிட்டுத் தாய் மேயப் போகிற அந்தப் பகுதியை விட்டுவிட்டேன். அதைக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டில் இறங்கினால் யாராவது கணக்குப் போட்டுவிடுவார்களே. இவ்வளவு யோசித்திருக்கிறேன் பாருங்கள். யோசிக்காமல் செய்த தப்பு என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழி இல்லை.

மாசி மாதம் ஒரு பயணத்தில் வயசான ஒருவர் வந்தார். ஏதோ பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரையும்விட மரியாதையாக நடந்துகொண்டார். அக்காவிடம் குனிந்து, இது எப்படிக் கிடைத்தது, என்ன கொடுக்கிறீர்கள், எத்தனை மாசம் ஆகிறது என்று கேட்டுச் சின்னப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். இரண்டு செம்பு மோர் குடித்தார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேனில் ஏறினார். எட்டயபுரத்தில் சாப்பாட்டுக்கு முன் எஸ்டிடி பூத்துக்குள் போனார். வீட்டுக்குப் பேசுகிறார் என்று நான் வெளியே காத்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேனில் பத்துப் பன்னிரண்டு பேர். அடிவாரம் நெருங்கும்போது முன் சீட்டில் இருந்த ஒரு பெண், ஆசிரியையாக இருக்கலாம், மான் குட்டி போட்டால் அதை எப்படிப் பாதுகாக்கும் என்று கேட்டாள். கேள்வி கேட்டால் வாய் தானாக ஓடுகிற நோய் எனக்கு. மாசக்கணக்கில் விழுங்கி வைத்திருந்த பகுதி அப்படியே வந்துவிட்டது. குரல்கூடத் தணிந்தது. “தனியாகக் கிடக்கிற குட்டியை அநாதை என்று நினைத்து யாரும் எடுத்துவிடக் கூடாது” என்று முடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் வேன் எங்கள் தெருவில் திரும்பிவிட்டது.

வாசலில் பச்சை ஜீப் நின்றது.

ரேஞ்சரும் இரண்டு காவலர்களும் இருந்தார்கள். மான்குட்டியின் கழுத்தில் முதல் தடவையாகக் கயிறு. அது கயிற்றைப் புரியாமல் கடித்துக்கொண்டிருந்தது. அக்கா கட்டுத்தறிப் பக்கம் கைகட்டி நின்றாள். எங்கள் ஆட்கள் திமுதிமுவென்று இறங்கினார்கள். ஜீப்பும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்து ஒருவர் அதையும் படம் எடுத்தார்.

“அநாதையாக் கெடந்துச்சுய்யா. தாய் இல்ல. நான் எடுக்கலன்னா நாய் தின்னுருக்கும்” என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் பயம் இல்லை. நல்ல காரியம் செய்தவளுடைய குரல்.

ரேஞ்சர் கெட்ட மனுஷர் இல்லை. கத்தவில்லை. வாத்தியார் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். “இல்லைம்மா. மான் அப்படித்தான் விட்டுட்டுப் போகும். அதுக்கு அது வழக்கம். சாயந்தரமா வந்து பால் குடுக்கும். அநாதைன்னு நினைச்சு நீங்க தாய்கிட்டேருந்து பிரிச்சுட்டீங்க.”

அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “அப்பம்… அது வந்திருக்குமாய்யா? தாயி?”

“வராம இருக்குமா? பொழுதுசாய வந்திருக்கும். குட்டியக் காணோம்னா சுத்திச் சுத்திக் கத்தும்.”

கட்டியிருந்த அவள் கை அவிழ்ந்தது. அந்த நேரம் பார்த்து என் பின்னாலிருந்து அந்த ஆசிரியை, ரொம்பச் சந்தோஷமாக, என்னைப் பாராட்டுகிற குரலில் சொன்னாள்: “ஆமா சார், கைடு இப்பத்தான் வேன்ல இதையேதான் சொன்னார். எவ்வளவு அழகாச் சொன்னார் தெரியுமா!”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இன்றைக்கு நான் ஒழுங்காகத் தூங்குவேன். அவள் அந்தக் கார்த்திகை மாசத்து மசங்கலுக்குப் போய்விட்டு, பால் செம்போடு நிமிர்ந்து, என் பதிலை மறுபடி ஒரு தடவை கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

ரேஞ்சர் என் பக்கம் வந்தார். “நீங்கதான் ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றதா? இந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்?”

வேனில் வந்த எல்லாரும் என்னையே பார்த்தார்கள். டிரைவர் அண்ணாச்சிக்கு விஷயம் தெரியும். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

“இவிய யாருன்னு எனக்குத் தெரியாதுய்யா. வேன்ல வருவாவ, மோர் குடிப்பாவ, போவாவ. அம்புட்டுத்தான்.”

“அப்படியா?” என்று ரேஞ்சர் என்னைக் கேட்டார்.

“ஆமா சார்” என்றேன்.

அக்கா உன்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று பின்னால் டிரைவர் அண்ணாச்சி சொன்னார். ஊரும் அப்படித்தான் சொல்கிறது. அந்த ஆசிரியை பேசுவதற்கு முன்னால் அவள் இதைச் சொல்லியிருந்தால் நானும் அப்படி நம்பியிருப்பேன். அவள் சொன்னது அதற்குப் பின்னால்.

மான்குட்டி ஜீப்பில் ஏற மறுத்தது. காவலர்கள் இழுத்தார்கள், அது காலை ஊன்றிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தியது. கடைசியில் அக்காவே ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, “ஏட்டி, வா” என்றாள். ஒரே தாவில் ஏறி அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டது. வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, ஆடுகளை அவள் பட்டியில் அடைக்கச் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை. ஜீப் போன பிறகு, அடுத்து எங்கே என்று ஒருவர் கேட்டார்.

பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனோம். எட்டயபுரத்தில் சாப்பிட்டோம். கழுகுமலையில் கழுகு எங்கே என்று கேட்டார்கள், வழக்கமான பதிலைச் சொன்னேன். தீர்த்தங்கரர்களைப் பற்றி ஒரு வரி விடாமல் பேசினேன். எந்த உயிருக்கும் கெடுதல் நினைக்காதவர்கள் என்று தாளில் இருந்தது, அதையும் சொன்னேன். இறங்கும்போது இரண்டு பேர் கை கொடுத்தார்கள்.

மானைப் பிடித்து வைத்திருந்தாள் என்று வழக்குப் போட்டு அக்காவைப் பதினைந்து நாள் உள்ளே வைத்தார்கள். வக்கீலைப் பார்த்து அலைந்தது நான்தான், ஆனால் மனுப் போட்டு அவளைப் பார்க்கப் போகவில்லை. ஊருக்கும் போகவில்லை. முகமில்லை என்று கோவில்பட்டியிலேயே டிராவல்ஸ் பின்கட்டில் படுத்துக்கொண்டேன். மானைக் கோர்ட்டில் காட்டிவிட்டு மலையில் கொண்டுபோய் விட்டார்கள். மூன்றாம் நாள் அது வீட்டைத் தேடி வந்துவிட்டது. பட்டியில் ஆடு இல்லை. கதவு பூட்டியிருந்தது. காலையிலிருந்து வாசலிலேயே நின்றதாம். மத்தியானம் தெரு நாய்கள் சேர்ந்துகொண்டன. பக்கத்து வீட்டுக்காரி கம்பை எடுத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் அந்த வீட்டில் வந்து சும்மா படுத்திருந்தாலே போதும், அது உயிரோடு இருந்திருக்கும். போர்டில் ‘கொஞ்சும் மான்’ என்று இருந்த இடத்தில் முதலாளி ‘ஆடும் மயில்’ என்று மாற்றி எழுதினார். நான் இன்னும் ஒரு வருஷம் அங்கேயே வேலை பார்த்தேன். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அக்கா திரும்பி வந்த மறுநாள் போனேன். நல்ல வெயில். அவள் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். மானுக்குப் பால் கொடுத்த வெள்ளாடு பக்கத்தில் நின்று அசைபோட்டது. நான் வாசலில் நின்றேன். ஏலே என்று ஒரு வார்த்தை வரும், அதற்குப் பிறகு எவ்வளவு ஏசினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

குழையைக் கட்டி முடித்துவிட்டுக் கேட்டாள். “அன்னைக்கு மசங்கையில கத்துனது அதோட தாய்தான?”

“ஆமாக்கா.”

“அப்பமே தெரியும்.”

“தெரியும்.”

அவள் உள்ளே போனாள். வந்தவர்களுக்குக் கொடுக்கிற அந்தப் பித்தளைச் செம்பைத் தேய்த்துக் கழுவுகிற சத்தம் கேட்டது. செம்போடு நிலைப்படிக்கு வந்தாள். உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன்.

“வாங்க சார். வெயில்ல நிக்காதீங்க. மோர் குடிக்கீங்களா?”

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்குப் போனாலும் அதே மரியாதைதான்.